கொட்டையை அளந்து பாருங்க, அப்புறம் மிஷின் வாங்குங்க



ஆனி, ஆடி மாதம் வந்தால் நம்ம பக்கத்துத் தெருக்களில் வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கும். முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, வண்டலூர், ஊரப்பாக்கம் என்று எங்கே போனாலும் கோயில் வாசலில், பள்ளிக்கூட மதில் ஓரத்தில், ஏரிக்கரையில் ஒரு வேப்ப மரமாவது இருக்கும். நம்ம அம்மாக்கள், பாட்டிகள் அதைப் பொறுக்கி, சதையைக் கழுவி, காய வைத்து வியாபாரியிடம் போட்டார்கள். இன்றைக்கும் பல குழுக்களில் அந்த வேலை நடக்கிறது.

கொட்டையாகப் போட்டால் ஒரு விலை. உடைத்துப் பருப்பாகக் கொடுத்தால் வேறு விலை. அதனால்தான் எங்கள் குழுவும் ஒரு வருடம் "நாமளே உடைச்சு விப்போம்" என்று முடிவு செய்து, கடன் வாங்கி ஒரு உடைக்கும் மிஷின் வாங்கியது. அந்த மிஷின் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்தான் இந்தக் கட்டுரை. நாங்கள் பட்டது நீங்கள் படக்கூடாது என்று எழுதுகிறோம்.

எங்களுக்கு என்ன நடந்தது?

மிஷின் விற்றவர், "எந்தக் கொட்டையைப் போட்டாலும் உடைக்கும்மா" என்றார். நாங்களும் நம்பினோம். கொட்டையை எடுத்துப் போய் ஓட்டிப் பார்க்கவில்லை. மிஷின் வந்தது, பூஜை போட்டோம், கொட்டையைக் கொட்டினோம். கீழே வந்ததைப் பார்த்ததும் எல்லார் முகமும் வாடிப் போச்சு. ஒரு பங்கு கொட்டை உடையாமல் அப்படியே வந்தது. ஒரு பங்கு நொறுங்கி மாவாக வந்தது. நடுவில் கொஞ்சம்தான் முழுப் பருப்பு. அரை மணி நேரத்தில் சல்லடை ஓட்டை எல்லாம் எண்ணெய் பிசுக்கோடு அடைத்துக்கொண்டது.

மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். மிஷினோ மூலையில் கிடக்கிறது. குழுக் கூட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்லும் நிலைமை வந்துவிட்டது. அப்போது எங்கள் குழுவிலேயே மூத்தவர், கையில் நாலு கொட்டையை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏண்டி பொண்ணுங்களா, இது கடலை மிஷின் இல்ல? கடலை ஓடு காகிதம் மாதிரி. வேப்பங்கொட்டை ஓடு சிரட்டை மாதிரி. ரெண்டையும் ஒரே மாதிரி அடிச்சா எப்படி ஒடையும்?"

அவர் சொன்னது ஒரு இன்ஜினியர் சொல்ல வேண்டிய வார்த்தை. கொட்டையின் குணம் தெரியாமல் மிஷின் செய்யவும் முடியாது, வாங்கவும் கூடாது.

கொட்டைக்குக் குணம் என்றால் என்ன?

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் பொறியியல் கல்லூரி இருக்கிறது. போபாலில் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு தானியத்துக்கோ கொட்டைக்கோ புதிதாக மிஷின் செய்ய வேண்டும் என்றால், முதலில் இரும்பை வெட்ட மாட்டார்கள். முதலில் கொட்டையை அளப்பார்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு எடை, குவித்தால் எப்படிச் சரியும், தகரத்தில் எப்படி வழுக்கும், எவ்வளவு பாரம் வைத்தால் ஓடு விடும், காற்றில் எது பறக்கும் என்று ஒவ்வொன்றாக எழுதி வைப்பார்கள். துருக்கி, ஈரான் நாடுகளில் வாதுமை, ஆப்ரிகாட் பழக் கொட்டைகளுக்கும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அந்தக் கணக்கில் இருந்துதான் மிஷினின் ஒவ்வொரு பாகமும் பிறக்கிறது.

இதைக் கேட்டதும் "படிச்சவங்க சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடாதீர்கள். நாம் தினமும் செய்வதுதான் இது. முறத்தில் புடைக்கிறோம், உமி முன்னால் போகிறது, அரிசி பின்னால் தங்குகிறது. அது காற்றுக் கணக்கு. சல்லடையில் சலிக்கிறோம். அது அளவுக் கணக்கு. அரிசி களைந்து கல் அரிக்கிறோம். அது எடைக் கணக்கு. உரலில் நெல் குத்தும்போது ஈர நெல் என்றால் ஒரு மாதிரி, காய்ந்த நெல் என்றால் ஒரு மாதிரி உலக்கை போடுகிறோம். அது பலக் கணக்கு. நம்ம கைக்குத் தெரிந்ததை மிஷினுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஒவ்வொரு குணமாகப் பார்ப்போம். வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்றும் சொல்கிறோம்.

1. அளவு

வேப்பங்கொட்டை உருண்டை இல்லை, நீள வாக்கு. நாங்கள் அளந்ததில் பல கொட்டைகள் நீளம் சுமார் 15 மி.மீ., அகலம் சுமார் 8 மி.மீ. இருந்தன. ஆனால் எல்லாம் ஒன்றுபோல இல்லை. ஒரே மரத்திலேயே பெரியதும் சின்னதும் இருக்கும். வேறு ஊர்க் கொட்டை என்றால் இன்னும் வித்தியாசம் வரும்.

எப்படி அளப்பது? லேத் பட்டறையில் 'வெர்னியர்' என்று ஒரு அளவுகோல் வைத்திருப்பார்கள். கேட்டால் பத்து நிமிடம் கொடுப்பார்கள். இல்லையென்றால் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். பத்துக் கொட்டையை வரிசையாக ஒட்டி வைத்து மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுங்கள். அதேபோல் பக்கவாட்டில் அடுக்கி அகலம் பாருங்கள்.

சராசரி மட்டும் தெரிந்தால் போதாது. மிகச் சின்னது எவ்வளவு, மிகப் பெரியது எவ்வளவு என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்றால், மிஷினில் இரண்டு இரும்புக்கு நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் கொட்டை சிக்கி உடைகிறது. ஒரு உதாரணம்: இடைவெளி 7 மி.மீ. வைத்தால், 8 மி.மீ. கொட்டை அமுங்கி ஓடு விடும். 6 மி.மீ. கொட்டை உடையாமல் நழுவிக் கீழே விழும். 10 மி.மீ. கொட்டை பருப்போடு சேர்ந்து நசுங்கும். எங்கள் மிஷினில் நடந்தது இதுதான். குற்றம் இடைவெளியில் மட்டும் இல்லை. மூன்று அளவுக் கொட்டையையும் கலந்து போட்டோமே, அதில்தான் பாதிக் குற்றம்.

இதற்கு வழி சுலபம். உடைப்பதற்கு முன்னால் இரண்டு சல்லடை வைத்துச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் இடைவெளியை மாற்றி ஓட்டுங்கள்.

2. வடிவம்

உருண்டையாக இருந்தால் உருளும். நீளமாக இருந்தால் வழுக்கும் அல்லது குறுக்கே நிற்கும். மாங்கொட்டை மாதிரி தட்டையாக இருந்தால் படுத்துக்கொள்ளும். இதை வைத்துத்தான் கொட்டை எந்தப் பக்கமாக மிஷினுக்குள் நுழையும் என்பது முடிவாகிறது.

மொராக்கோ நாட்டில் ஆர்கான் என்று ஒரு மரம் இருக்கிறது. அதன் கொட்டையை உடைத்துப் பருப்பில் இருந்து விலை உயர்ந்த எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான். 1990-களில் இருந்து அவர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து வேலை செய்கிறார்கள். அந்தக் கொட்டை ஒன்று குண்டு, ஒன்று நீளம், ஓடோ கல் மாதிரி. அதனால் மிஷினால் உடைக்க எத்தனையோ முயற்சி நடந்தும், இன்றும் பெரும்பாலும் கையில் இரண்டு கல்லை வைத்துத்தான் உடைக்கிறார்கள். கை கொட்டையைத் தொட்டுப் பார்த்து எந்தப் பக்கம் தட்டலாம் என்று கண்டுபிடிக்கிறது. மிஷினுக்கு அந்தத் தொடு உணர்ச்சி இல்லை. அதனால்தான் கொட்டையின் கணக்கை நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

3. எடையும் இடமும்

ஒரு லிட்டர் படியில் கொட்டையைத் தலை தட்டி நிரப்பி எடை போடுங்கள். அரைக் கிலோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 50 கிலோ கொட்டைக்கு 100 லிட்டர் இடம் வேண்டும். மிஷின் மேலே இருக்கும் கொட்டும் தொட்டி எவ்வளவு பெரியது, சாக்கில் எவ்வளவு பிடிக்கும், வாடகை வண்டியில் எத்தனை சாக்கு ஏறும், எல்லாம் இந்த ஒரு கணக்கில் வந்துவிடும்.

இன்னொரு சோதனை. அதே படி நிறையக் கொட்டை இருக்கும்போதே, அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பு வரை வர 400 மில்லி பிடித்தது என்றால், குவியலில் 100-க்கு 40 பங்கு காலி இடம் என்று அர்த்தம். கொட்டை தண்ணீரை உறிஞ்சுவதற்குள் சட்டென்று ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். இந்தக் காலி இடத்தில்தான் காற்று போய் வருகிறது. உடைந்த தூளும் மண்ணும் கலந்த குவியலில் காலி இடம் குறையும், உள்ளே புழுங்கும், பூஞ்சணம் பிடிக்கும். அதனால் சலித்துச் சுத்தம் செய்துதான் சாக்கில் போட வேண்டும்.

4. குவித்தால் சரியும் கோணம்

கொட்டையைத் தரையில் ஒரே இடத்தில் மெதுவாகக் கொட்டுங்கள். கோபுரம் மாதிரி குவியும். ஒரு அளவுக்கு மேல் உயராமல் பக்கத்தில் சரியும். குவியலின் உயரத்தையும், அடிப்பாகத்தின் குறுக்களவையும் அளங்கள். உயரம் 15 செ.மீ., அடி அகலம் 50 செ.மீ. என்றால், பாதி அகலம் 25 செ.மீ. 15-ஐ 25-ஆல் வகுத்தால் 0.6. இது சுமார் 31 டிகிரி சரிவு. கணக்கு வராவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள், பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

இது எதற்கு? மிஷின் தொட்டியின் சரிவு, இந்தச் சரிவை விட நன்றாகச் செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கொட்டை தானாக இறங்காது. ஒருவர் நின்று குச்சியால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். சில நேரம் கையையே விடுவார்கள். விபத்து நடப்பது அப்படித்தான். சரிவு குறைந்த தொட்டி ஒருவர் கூலியையும் தின்னும், விரலையும் தின்னும்.

5. வழுக்கும் தன்மை

ஒரு பலகை, ஒரு தகரம், ஒரு ரப்பர் விரிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துக் கொட்டையை வைத்து ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். எந்த உயரத்தில் வழுக்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாகத் தகரத்தில் சீக்கிரம் வழுக்கும், மரத்தில் கொஞ்சம் பிடிக்கும், ரப்பரில் நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் கொட்டை இறங்கும் பாதைக்குத் தகரமும், கொட்டையைப் பிடித்து இழுக்க வேண்டிய இடத்தில் ரப்பரும் வைப்பார்கள். ஈரமாக இருந்தால் வழுக்காது. சதை சரியாகக் கழுவாத கொட்டையும் ஒட்டிக்கொள்ளும்.

6. உடையும் பலம்

இதுதான் முக்கியமானது. ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு தட்டுக்கு நடுவில் ஒரு கொட்டையை வைத்து மெல்ல மெல்ல அழுத்துவார்கள். எந்தப் பாரத்தில் ஓடு விடுகிறது, அதற்குள் எவ்வளவு அமுங்குகிறது என்று மிஷினே கோடு போட்டுக் காட்டும். ஓடு விட்ட பிறகும் அழுத்தினால் பருப்பு நசுங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள சின்ன இடைவெளியில் மிஷின் நின்றுவிட வேண்டும். முட்டையை உடைப்பது போலத்தான். ஓடு விரிய வேண்டும், மஞ்சள் கலங்கக் கூடாது.

வீட்டில் இப்படிச் செய்யலாம். தரையில் ஒரு கொட்டை, அதன் மேல் ஒரு தட்டைப் பலகை, பலகையின் மேல் எடைக்கல்லை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பலகை சாயாமல் இருக்க ஒரே அளவுள்ள மூன்று கொட்டையை முக்கோணமாக வைத்துப் பாருங்கள். 'பட்' என்று சத்தம் வரும்போது எவ்வளவு எடை என்று எழுதி, மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பத்துத் தடவை செய்தால் ஒரு கணக்கு வரும்.

எந்தப் பக்கமாக வைக்கிறோம் என்பதும் முக்கியம். நாங்கள் கொட்டையை நிற்க வைத்துத் தட்டிப் பார்த்தபோது பருப்பின் நுனி உடைந்தது. படுக்க வைத்து அழுத்தியபோது ஓடு நீளவாக்கில் பிளந்து பருப்பு முழுசாக வந்தது. உங்கள் ஊர்க் கொட்டைக்கு எப்படி என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

7. ஈரம்

மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் மாற்றிப் போடுவது ஈரம்தான். பச்சையாக இருக்கும் கொட்டையின் ஓடு வளையும், விடாது. பருப்பும் ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காயக் காயப் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகும். கொட்டையைக் காதருகே வைத்து ஆட்டினால் 'லொட லொட' என்று சத்தம் வரும். அப்போது உடைத்தால் நன்றாக விடும். அதற்கு மேலும் காய்ந்து முறுகிப் போனால் பருப்பே நொறுங்கும். ஆக, அதிக ஈரமும் ஆகாது, அதிகக் காய்ச்சலும் ஆகாது.

ஈரத்தை ஒப்பிட்டுப் பார்க்க, 100 கிராம் கொட்டையை நசுக்கி நன்றாகக் காய வைத்து, எடை குறையாமல் நிற்கும் வரை எடை போடுங்கள். 92 கிராமில் நின்றது என்றால் 100-க்கு 8 பங்கு ஈரம் போயிருக்கிறது. வெயிலில் முழு ஈரமும் போகாது. சரியான கணக்குக்கு ஆராய்ச்சிக் கூட அடுப்பு வேண்டும். ஆனாலும் ஒரு மூட்டையை இன்னொரு மூட்டையோடு ஒப்பிட நம்ம கணக்கு போதும்.

8. காற்றில் பிரியும் குணம்

உடைத்த பிறகு ஓடும் பருப்பும் கலந்து கிடக்கும். மேஜை மின்விசிறி முன்னால் ஒரு பிடி எடுத்துத் தூற்றிப் பாருங்கள். ஓடு தூரமாகப் போய் விழும், பருப்பு கிட்டத்தில் விழும். மிஷினில் இருக்கும் ஊதுகாற்றும் இதேதான். ஓட்டைத் தூக்கும் அளவுக்கு வேகம் இருக்க வேண்டும், பருப்பைத் தூக்கும் அளவுக்கு இருக்கக் கூடாது. காற்று கூடிப் போனால் நம்ம காசு ஓட்டோடு பறந்துவிடும். அதனால் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வைத்த மிஷினாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஒவ்வொரு கொட்டைக்கும் ஒவ்வொரு வழி

இந்தக் குணங்களை வைத்துப் பார்த்தால், ஒரே மிஷின் எல்லாக் கொட்டைக்கும் ஏன் ஆகாது என்று புரியும்.

நிலக்கடலை: ஓடு மெல்லியது. வளைந்த சல்லடைக்கு மேல் இரும்புக் கை முன்னும் பின்னும் போய்த் தேய்த்தாலே உடையும். சல்லடை ஓட்டை பருப்பு விழும் அளவுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முந்திரி: பண்ருட்டிப் பக்கம் போனால் பார்க்கலாம். முந்திரி ஓட்டுக்குள் தோலைப் பொத்துவிடும் எண்ணெய் இருக்கிறது. நசுக்கினால் அது பருப்பில் பட்டுவிடும். அதனால் முதலில் ஆவியில் வேக வைத்தோ வறுத்தோ ஓட்டைப் பக்குவப்படுத்துகிறார்கள். பிறகு முந்திரியின் வளைவுக்கு ஏற்றபடி வளைந்த இரண்டு கத்திகள் வைத்த கருவியில் ஒவ்வொன்றாக வெட்டிப் பிளக்கிறார்கள். கொட்டையின் வடிவம்தான் அங்கே கத்தியின் வடிவம்.

புளியங்கொட்டை: தோல் இறுக்கமாக ஒட்டியிருக்கும். வறுத்தால் தோல் முறுகி உதிரும். உள்ளே இருக்கும் பருப்பின் மாவு துணி ஆலையில் நூலுக்குக் கஞ்சி போட உதவுகிறது.

மாங்கொட்டை: தட்டை, மேலே நார். நடுவில் அழுத்தினால் பருப்பு நசுங்கும், விளிம்பில் பிளக்க வேண்டும். அதன் பருப்பில் கிடைக்கும் கொழுப்பு, சாக்லேட் செய்யும் கோகோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பயன்படுகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் தொழிற்சாலைகளில் இந்தக் கொட்டை மலை மாதிரி சேர்கிறது.

வேப்பங்கொட்டை: நடுத்தரக் கடினம், நீள வடிவம், எண்ணெய் நிறைந்த மென்மையான பருப்பு. அளவு பிரித்து, பதமாகக் காய வைத்து, இடைவெளி மாற்றக்கூடிய உருளையிலோ தேய்க்கும் வகையிலோ மெதுவான வேகத்தில் உடைக்க வேண்டும்.

பருப்பு முழுசாக வந்தால் என்ன லாபம்?

வேப்பங்கொட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி பருப்பு. அந்தப் பருப்பில் 100-க்கு 40 முதல் 50 பங்கு எண்ணெய். ஓடு கலந்து செக்கில் போட்டால் ஓடு எண்ணெயைக் குடித்துவிடும், செக்கும் தேயும். பருப்பு நொறுங்கிப் போனால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் என்ற சத்தும் குறையும். வாங்குபவர் ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பார்த்ததும் விலையைக் குறைப்பது இதனால்தான்.

விற்பனைக்கு மட்டும் இல்லை, நம்ம தோட்டத்துக்கும் ஆகும். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பதுதான் 5 சத வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல். நாட்டில் தயாராகும் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயம் என்று 2015-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. அதன் பிறகு வேப்பங்கொட்டைக்குத் தேவை கூடியது. குஜராத்தில் ஒரு உர நிறுவனம் கிராமத்துப் பெண்களைக் கொண்டே கொட்டை சேகரித்தது. தெருவில் மிதிபட்டுக் கிடக்கும் பொருளுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

எங்கள் மிஷின் கதை என்ன ஆச்சு?

பாட்டி சொன்ன பிறகு உட்கார்ந்து யோசித்தோம். முதலில் கொட்டையை மூன்றாகச் சலித்தோம். ஆட்டினால் சத்தம் வரும் வரை காய வைத்தோம். பிறகு பக்கத்து லேத் பட்டறைக்காரரைக் கூட்டி வந்து கொட்டையைக் கையில் கொடுத்தோம். "எத்தனை மில்லி அண்ணா வேணும்னு கேட்காதீங்க, இதோ எழுதி வெச்சிருக்கோம்" என்று நோட்டைக் காட்டினோம். அவர் ஓட்டை பெரிதான வேறு சல்லடை செய்து கொடுத்தார். இடைவெளியைத் திருகி மாற்ற வழி செய்தார். புல்லியை மாற்றி வேகத்தைக் குறைத்தார். இரும்புக் கையில் ரப்பர் ஒட்டினார்.

இப்போது முழுசாக வரும் பருப்புதான் அதிகம். உடையாமல் வருவதைத் தனியே எடுத்து அடுத்த இடைவெளியில் ஓட்டுகிறோம். நொறுங்குவது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதை அன்றைக்கே இடித்துத் தோட்டக் கரைசலுக்கு எடுத்துக்கொள்கிறோம். கடன் அடைபட ஆறு மாதம் தாமதமானது. அந்த ஆறு மாதமும் சேமிப்பில் இருந்துதான் தவணை கட்டினோம். முதலிலேயே பத்துக் கிலோ கொட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டிப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

மிஷின் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. நம்ம கொட்டை 10 கிலோ கொண்டு வருகிறோம், கண் முன்னால் ஓட்டிக் காட்டுவீர்களா? மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

2. ஓட்டிய பிறகு ஒரு பிடி எடுத்து 100 எண்ணுங்கள். முழுப் பருப்பு எத்தனை, நொறுங்கியது எத்தனை, உடையாதது எத்தனை?

3. இடைவெளியை நாமே மாற்ற முடியுமா? கூடுதல் சல்லடை எத்தனை தருவீர்கள்?

4. ஒரு மணிக்கு எத்தனை கிலோ? கடலைக்கு இல்லை, நம்ம கொட்டைக்கு.

5. மோட்டார் எத்தனை குதிரைத் திறன்? வீட்டு லைன் போதுமா, மூன்று பேஸ் வேண்டுமா? 1 குதிரைத் திறன் மோட்டார் முழுப் பாரத்தில் ஓடினால் ஒரு மணிக்கு முக்கால் யூனிட்டுக்கு மேல் ஆகும்.

6. பெல்ட், சக்கரம் எல்லாம் மூடியிருக்கிறதா? எர்த் இருக்கிறதா? தொட்டிக்குள் கை போகாதபடி கம்பி வலை உண்டா?

7. பழுது வந்தால் யார் வருவார்கள்? உதிரி பாகம் தாம்பரத்திலோ கிண்டியிலோ கிடைக்குமா?

8. இதெல்லாம் ரசீதில் எழுதித் தருவீர்களா? வாய் வார்த்தை வேண்டாம்.

யோசனை கேட்க நமக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது, அந்த மாவட்டத்துக்கான தொழில் மையமும் மகளிர் திட்ட அலுவலகமும் இருக்கின்றன. கிண்டி தொழிற்பேட்டையில் மத்திய அரசின் சிறு தொழில் அலுவலகம் இருக்கிறது. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கொட்டையும் நோட்டும் கொண்டு போங்கள்.

சில எச்சரிக்கைகள்

வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் பொறுக்கப் போகாதீர்கள். மரத்தை உலுக்கிக் காயாகப் பறிக்காதீர்கள், பழுத்து மஞ்சளானதே நல்லது. பழத்தைக் குவித்து வைக்காமல் அன்றைக்கோ மறுநாளோ சதை நீக்கிக் கழுவி, ஒரு நாள் இரண்டு நாள் வெயிலிலும் பிறகு நிழலிலும் காய வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், சணல் சாக்குதான். மிஷின் பக்கம் நிற்பவர் முந்தானையை இழுத்துச் செருகி, கூந்தலைக் கொண்டை போட்டு, மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

முடிவாக

சகோதரிகளே, அடுத்த கூட்டத்துக்கு ஒரு படி கொட்டை, ஒரு ஸ்கேல், ஒரு தராசு, ஒரு பலகை, ஒரு தகரம் கொண்டு வாருங்கள். எழுதத் தெரிந்த ஒருவர் நோட்டைப் பிடிக்கட்டும். ஒரு மணி நேரத்தில் மேலே சொன்ன எட்டுச் சோதனையையும் முடித்துவிடலாம். ஈரம் மட்டும் இரண்டு நாள் கேட்கும். அந்த ஒரு பக்கக் கணக்கைக் குழுவின் தீர்மான நோட்டோடு சேர்த்து ஒட்டி வையுங்கள். நாளைக்கு மிஷின் விற்பவர் வந்து "எந்தக் கொட்டையும் உடைக்கும்மா" என்று சொன்னால், அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "எங்க கொட்டை இது, உங்க மிஷின் இதை உடைக்குமா?" என்று கேளுங்கள். அவர் பதிலில் உங்கள் கடன் பணம் பத்திரமா இல்லையா என்று தெரிந்துவிடும்.